சம்பந்தப்பட்ட திரவம்

லப்டப் சாருக்கு வயிறு எரிந்தது. எரிச்சலில் வகை தெரியாதவர் இல்லை அவர். உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் வாத்தியார். இரைப்பையில் அமிலம் அதிகமானால் வருகிற எரிச்சல் வேறு, கட்டிய மனைவிக்கு இதயம் கிடைத்துத் தனக்குச் சிறுநீரகம் கிடைத்தால் வருகிற எரிச்சல் வேறு. முதலாவதற்கு மாத்திரை இருக்கிறது.

விஷயம் இதுதான். பத்தாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தைப் புதிதாக எழுதித் தரும்படி பாடநூல் வாரியம் ஆசிரியர்களைக் கூப்பிட்டிருந்தது. உடம்பில் எத்தனை மண்டலமோ அத்தனை பாடம், பாடத்துக்கு ஒரு ஆள். லப்டப் சாருக்கும் அழைப்பு வந்தது, வேறொரு பள்ளியில் அதே பாடம் நடத்துகிற அவர் மனைவிக்கும் வந்தது.

லப்டப் என்று அவருக்குப் பெயர் வைத்தது மாணவர்கள். இதயப் பாடம் நடத்தும்போது வலது கையை மடக்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, விரல்களை மூடி மூடித் திறந்து "லப்... டப்... லப்... டப்..." என்று அவர் ஆரம்பித்தால், கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான். பழைய மாணவர்கள் பஸ்ஸில் அவரைப் பார்த்தால் வணக்கம் சொல்ல மாட்டார்கள். கையை மடக்கி நெஞ்சில் வைத்துக் காட்டுவார்கள். அப்படிப்பட்டவர், அழைப்பு வந்த அன்றே இதயப் பாடத்தை மனசுக்குள் எழுதி முடித்துவிட்டார். இன்னொரு ஆசையும் இருந்தது. சிவப்பும் நீலமும் இல்லாமல் இதயத்தை விளக்க முடியாது என்பதால் அந்தப் பாடத்துக்கு மட்டும் கலர் அச்சு. பாடம் எழுதியவரின் படமும் அதே பக்கத்தில் கலரில் வரும். மற்றவர்களெல்லாம் கறுப்பு வெள்ளை. மகள் அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு போகிறாள். புத்தகத்தைத் திறந்ததும் அப்பா கலரில் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. ரொம்பப் பெரிய ஆசை என்று சொல்லிவிட முடியாது.

விதி கூட்ட அறையில் காத்திருந்தது. மின்விசிறிக்கு அடியில் ஒரு நல்ல நாற்காலி பிடிக்க வேண்டும் என்று, "நீ வீட்டைப் பூட்டிட்டு வா" என்று மனைவியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு முன்னாடியே ஓடினார் மனுஷன். நீள மேசையின் கடைக்கோடிக்குக் கொஞ்சம் முன்னால், கதவுப் பக்கம், விசிறிக்கு நேர் கீழே ஒரு இடம் கிடைத்தது. ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார். மனைவி வந்து சேரும்போது காலியாக இருந்ததெல்லாம் வாரிய இயக்குநருக்குப் பக்கத்து நாற்காலிதான். யாரும் உட்காரப் பயந்த இடம். அங்கே போய் உட்கார்ந்தாள்.

இயக்குநர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"இந்த மேசையை ஒரு மனித உடம்பா நினைச்சுக்கங்க. நான் தலையில உட்கார்ந்திருக்கேன். அதனால மூளை என்கிட்ட. மூளைப் பாடத்தை நான் எழுதப் போறதில்லை, ஆனா வேற யாருக்கும் குடுக்கப் போறதும் இல்லை. எனக்கு அடுத்தாப்ல இருக்கறவங்களுக்கு இதயம். அப்புறம் நுரையீரல், எலும்பு, இரைப்பைன்னு வரிசையா கீழே இறங்கிப் போகும். யாருக்கு எதுல திறமைங்கற கேள்வியே இங்க கிடையாது. திறமையைப் பார்த்து வேலை குடுத்தா பாரபட்சம்னு சொல்லிடுவாங்க. நாற்காலிக்குப் பாரபட்சம் தெரியாது."

எல்லாரும் கை தட்டினார்கள். வரிசை எங்கே போய் முடியும் என்று பாதியில் புரிந்துகொண்ட இரண்டு பேர், பேனா விழுந்ததைத் தேடுவதுபோல் எழுந்து போய் மேலே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இனப்பெருக்க மண்டலத்துக்கான நாற்காலிகள் கடைசிவரை காலியாகவே இருந்தன. அந்தப் பாடம் பிற்பாடு ஒரு பூவின் படத்தோடும், 'விவரங்களைப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்க' என்ற ஒரு வரியோடும் வெளிவந்தது.

விசிறிக்கு அடியில் இருந்த லப்டப் சாருக்கு வியர்த்துக் கொட்டியது. கழிவு நீக்க மண்டலம் அவருக்கு.

"சார்," என்று எழுந்தார். "இதயப் பாடம் நான் வருஷக்கணக்கா..."

"உட்காருங்க சார். என் பக்கத்துல இருக்கறவங்க உங்க வீட்டம்மாதானே? உங்க குடும்பத்துக்குத்தானே போயிருக்கு? சந்தோஷப்படுங்க."

சந்தோஷப்படச் சொன்னால் வந்துவிடுமா அது? வீடு திரும்பும் வழியில் மனைவி இரண்டு தடவை, "ஏங்க, நான் வேணும்னா மாத்திக் கேக்கட்டுமா?" என்று கேட்டாள். இரண்டு தடவையும் அவர், "எனக்கென்ன, எல்லாம் உறுப்புதானே" என்றார். மூன்றாவது தடவை கேட்டால் சரி என்று சொல்லிவிடலாம் என்று காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. அதற்குள் அவளுக்கும் இதயத்தின் மேல் ஆசை வந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைகிறார்கள், தொலைபேசி அடிக்கிறது. அவருடைய அம்மா.

"மருமக இதயம் எழுதப் போறாளாமே! பக்கத்து வீடு எதிர் வீடு எல்லாம் சொல்லிட்டேன். நீ என்னடா எழுதற?"

"கழிவு நீக்க மண்டலம்மா."

"அப்படின்னா?"

"சிறுநீரகம். மூத்திரம் எப்படி உண்டாகுதுன்னு."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சரி விடு. யாராவது கேட்டா, அவன் இந்தத் தடவை எழுதலைன்னு சொல்லிக்கறேன்."

மறுநாளிலிருந்து சாப்பாட்டு மேசை இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பக்கம் அவர், நெஃப்ரான் என்கிற வடிகுழல்களின் படங்களோடு. அந்தப் பக்கம் அவள், நாலு அறைகளோடும் வால்வுகளோடும். நடுவில் மகள், தட்டு வைக்க இடமில்லாமல்.

"ஏங்க," என்றாள் மனைவி ஒருநாள், ரொம்பப் பிரியமாக. "கையை மூடித் திறந்து காட்டுவீங்களே, லப்டப்புன்னு. அதைப் பாடத்துல ஒரு செய்முறையா சேர்த்துக்கட்டுமா?"

"அது என் கை."

"கை உங்களுதுதான். நான் செய்முறையைத்தான் கேக்கறேன்."

"என் கையைக் கேக்காம என் செய்முறையை எப்படி எடுப்பே?" என்று சொல்லிவிட்டு அவர் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார். மகள் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையும் சேர்ந்து எரிந்தது.

ஒழியட்டும், சிறுநீரகத்தையே ஒரு கை பார்த்துவிடுவோம் என்று அவர் எழுத உட்கார்ந்தார். முதல் வரி: 'சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டுகின்றன.' வாரியத்திலிருந்து அந்த வரி திரும்பி வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது; பாடத்துக்கு ஒருவராக இருந்தவர்கள் அதில் ஆளுக்கொரு குழு ஆகியிருந்தார்கள். ஒரு குழுவுக்கு ஒதுக்கப்பட்ட பொருளை மற்றொரு குழு முன் அனுமதியின்றிக் கையாளக் கூடாது. இரத்தம், இரத்த ஓட்டக் குழுவுக்கு உரியது. தேவைப்படுவோர் உரிய வழியில் விண்ணப்பிக்கவும்.

இரத்த ஓட்டக் குழு எதிரில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தது.

"எனக்குக் கொஞ்சம் இரத்தம் வேணும்," என்றார்.

"நான் தர மாட்டேன்னா சொல்றேன்? வாரியம் வழியாத்தான் வரணும்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. எழுதிப் போடுங்க." ரொட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். "இதுக்கு அனுமதி வேண்டாம், சாப்பிடுங்க."

எழுதிப் போட்டார். விண்ணப்பம் வாரியத்துக்குப் போய், இயக்குநர் மேசையில் படுத்துக் கிடந்து, முத்திரை வாங்கி, அதே வீட்டுக்கு, அதே தபால்காரர் கையால், அவள் பெயருக்கு வந்தது. கதவைத் திறந்து வாங்கியவர் அவர்தான். வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றார். அவள் படித்தாள், மடித்தாள், "பரிசீலனை பண்ணிச் சொல்றேங்க" என்றாள். பரிசீலனை முடிந்த பதில் மறுபடி வாரியம் போய்ச் சுற்றி வந்தது. 'சிறுநீரகத் தமனி வழியாக வந்து சேரும் இரத்தம் மட்டும் இரவலாக அனுமதிக்கப்படுகிறது. சுத்தம் செய்து சிறுநீரகச் சிரை வழியாக உடனடியாகத் திருப்பி அனுப்ப வேண்டும்.'

உடலியல்படி பார்த்தால் அதில் ஒரு எழுத்து தப்பு கிடையாது. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"இரவலா? எனக்கே இரவலா? நான் என்ன சலவைக்காரனா, அழுக்கு இரத்தத்தை வாங்கி வெளுத்துத் திருப்பித் தர?"

"சிறுநீரகம் அதைத்தாங்க செய்யுது," என்றாள் அவள் சாந்தமாக.

அன்றைக்குத் தீர்மானம் பண்ணினார்: விட்டேனா பார். தடித் தடிப் புத்தகங்களை இறக்கித் தூசி தட்டினார். தேடியது கிடைத்தது. இரத்த அழுத்தம் குறைந்தால் ரெனின் என்ற பொருளைச் சுரந்து அதை ஏற்றிவிடுவது யார்? சிறுநீரகம். சிவப்பணுக்களை உண்டாக்கு என்று ஹார்மோன் அனுப்பி உத்தரவு போடுவது யார்? அதுவும் சிறுநீரகம். இதயம் வெறும் பம்பு. தள்ளுகிறவனுக்கா சொந்தம், ஆளுகிறவனுக்கா? அப்படியே ஆட்சேப மனு எழுதினார்: இரத்தம் முழுவதும் கழிவு நீக்கக் குழுவுக்கே உரியது, ஆகவே அதற்குண்டான கலர் பக்கமும் படமும் அந்தக் குழுவுக்கே சேர வேண்டும். கடைசி வரியை எழுதும்போது அவர் கை தானாக நெஞ்சில் போய் மடங்கிக்கொண்டது.

வாரியத்துக்கு மனு என்றால் உயிர். இரத்தம் தாவாவில் உள்ளது, தீர்ப்பு வரும்வரை எந்தப் பாடத்திலும் அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது, 'சம்பந்தப்பட்ட திரவம்' என்று குறிப்பிட்டால் போதும் என்று எல்லாருக்கும் ஓலை போய்விட்டது. அதோடு, இதே மாதிரி இன்னும் எங்கெங்கே வம்பு இருக்கிறது என்று பார்த்து எல்லை போடுவதற்கு ஒரு நில அளவையரையும் வரவழைத்துவிட்டார்கள்.

கூட்ட அறைச் சுவரில் ஆளுயர மனித உடம்புப் படம். அளவையர் அதன் தோளிலிருந்து இடுப்புவரை சங்கிலி பிடித்தார். தொண்டையைப் பார்த்துவிட்டு, "காத்துக்கும் சாப்பாட்டுக்கும் இது பொதுவழி, இங்க யாரும் வேலி போடக் கூடாது" என்று குறித்துக்கொண்டார். கணையத்தில் தகராறு வந்தது. செரிமானக் குழுவுக்கு நீர் சுரக்கிறது, நாளமில்லாச் சுரப்பிக் குழுவுக்கு இன்சுலினும் சுரக்கிறது.

"ஒரே ஆள் ரெண்டு பதவியா?" என்றார் இயக்குநர். "விதியில இடமில்லை. கணையம் ஏதாவது ஒண்ணை ராஜினாமா பண்ணியாகணும்."

சிறுநீரகத் தமனிக்கு வந்தபோது அளவையர் குறுக்கே ஒரு கோடு போட்டார். "இந்தப் பக்கம் அம்மாவுது. அந்தப் பக்கம் சாருது."

"உள்ளே ஓடுதே, அது யாருது?" என்றார் லப்டப் சார்.

"ஓடறதை நாங்க அளக்கறதில்லை சார். நிக்கறதைத்தான் அளப்போம். ஓடறதெல்லாம் ஆத்து விவகாரம்," என்று சொல்லிவிட்டு அளவையர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டார்.

இயக்குநர் அதைக் கேட்டுக்கொண்டார். கேட்டதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அப்போதே லப்டப் சார் சுதாரித்திருக்க வேண்டும்.

விசாரணை நாளன்று அறை நிறைந்திருந்தது. லப்டப் சார் வாதாடினார். மனைவி பதில் சொன்னாள், கணவன் என்று பார்க்காமல் சொன்னாள். நடுவில் எலும்புக் குழுக்காரர் எழுந்து, "ரெண்டு பேரும் சும்மா இருங்க. சிவப்பணு பிறக்கறதே எலும்பு மஜ்ஜையில. பெத்தவங்க நாங்க உசிரோடத்தான் இருக்கோம்" என்றார். நுரையீரல் அம்மாள், "ஆக்சிஜனை ஏத்தி விடறது நாங்க. நாங்க ஏத்தலைன்னா உங்க இரத்தம் என்ன செய்யும்னு பார்க்கறேன்" என்றாள். செரிமானக்காரர், அதில் கலந்து போகிற சத்தெல்லாம் தன் வீட்டுச் சாப்பாடு என்றார். கொஞ்ச நேரத்தில் யார் எதற்காகக் கத்துகிறார்கள் என்பது போய், பக்கத்து ஆளுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்பது மட்டும் மிச்சமாக நின்றது.

இயக்குநர் கையைத் தூக்கினார்.

"எனக்குப் பெருமையா இருக்கு. ஒரு உடம்பு எப்படி வேலை செய்யணும்னு நம்ம வாரியத்தைப் பார்த்துத்தான் கத்துக்கணும். இங்க ஒரு பிரிவு இன்னொரு பிரிவோட பேசறதே கிடையாது. பேசினாத்தானே சண்டை? அதனாலதான் இத்தனை வருஷமா இந்த வாரியம் நோய் நொடி இல்லாம இருக்கு. நான் ஒரு வேலையும் செய்யாமலே எல்லாம் நடக்குது. சரி, தீர்ப்புக்கு வரேன். இரத்தத்தைப் பத்தித் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் இரத்தம் வேணுமாம். அப்ப நடுநிலையா ஒருத்தர் வேணும்னா, அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவரா இருக்கணும். நல்ல வேளையா என் மச்சான் இருக்கார். புவியியல் வாத்தியார். ஓடறதெல்லாம் ஆத்து விவகாரம்னு அளவையரே சொல்லிட்டார். ஆறு யார் பாடம்? புவியியல். ஆக, இரத்தம் இன்னியிலேருந்து புவியியல் புத்தகத்துக்குப் போகுது."

மச்சான் எழுந்து எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். "பெருந்தமனியில அணை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு வருத்தம்.

"அப்ப அவர் அனுமதி குடுத்தா நாங்க எழுதலாமா சார்?" என்றாள் மனைவி.

"தாராளமா. அவர் இப்ப லீவுல போறார். வந்ததும் கேளுங்க. அதுவரைக்கும் சம்பந்தப்பட்ட திரவம்."

வீட்டுக்கு வந்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் அவள்தான் வாயைத் திறந்தாள்.

"அணை இருக்கான்னு கேக்கறான் பாருங்க, அவன் கையில போய்..."

"அவனுக்கு ஈரலும் தெரியாது, இதயமும் தெரியாது!"

"நீங்க எழுதியிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்ங்க. நிஜமா. நெஞ்சு படபடன்னு அடிக்குது எனக்கு."

"சிறுநீரகத்துத் தலைமேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கே, அட்ரினல், அதோட வேலை அது."

"அடிக்கறது என் இதயம்."

"அடிக்க வைக்கறது என் பக்கத்து ஆளு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் அவர் மேசைக்கு மேலே கையை எடுத்து, மடக்கி, அவளுக்கு லப்டப் செய்து காட்டினார். மூன்றாவது ஆள் மேல் சேர்ந்து வயிறெரிவதில் இவ்வளவு ஒற்றுமை இருக்கிறது என்று அவருக்கு அதுவரை தெரியாது. மகள் மேசையில் நிம்மதியாகத் தட்டை வைத்துச் சாப்பிட்டாள்.

மச்சான் லீவிலிருந்து வருவதற்குள் புத்தகம் அச்சாகிவிட்டது. 'இதயம் சம்பந்தப்பட்ட திரவத்தை உடலெங்கும் உந்தித் தள்ளுகிறது.' 'சிறுநீரகம் சம்பந்தப்பட்ட திரவத்தை வடிகட்டுகிறது.' புவியியல் புத்தகத்தில், ஆறுகளுக்கு அடுத்தாற்போல் அரைப் பக்கம்: இரத்தம், உற்பத்தியாகும் இடம், பாயும் பகுதிகள், முக்கியக் கிளைகள்.

அடுத்த வருஷம் மகள் பத்தாம் வகுப்பு போனாள். புத்தகத்தை நினைத்தாலே எரிந்ததால் லப்டப் சார் வீட்டிலும் வகுப்பிலும் அதைத் திறக்கவே இல்லை; பாடம் அவருக்கு மனப்பாடம். முதல் பரீட்சை முடிந்து, உயிரியல் விடைத்தாளைக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். 'இதயம் எதை உந்தித் தள்ளுகிறது?' என்ற கேள்விக்கு 'இரத்தம்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் குறுக்கே ஒரு அடி. பூஜ்யம். 'சிறுநீரகம் எதை வடிகட்டுகிறது?' அதற்கும் இரத்தம். அதற்கும் பூஜ்யம்.

லப்டப் சாருக்கு வந்ததே கோபம்! மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போனார். வகுப்பாசிரியை மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டாள்.

"ஏம்மா, இரத்தம்னு எழுதினா தப்பா? உனக்கே அடுக்குமா இது?"

"எனக்குத் தெரியாதா சார்? எனக்கும் உடம்பு இருக்கே. ஆனா புத்தகத்துல எப்படி இருக்கோ அப்படி எழுதினாத்தான் மார்க்குன்னு உத்தரவு. மத்த பிள்ளைங்க எல்லாம் சம்பந்தப்பட்ட திரவம்னு சரியா எழுதிட்டாங்க. உங்க பொண்ணுதான் பாடத்தை ஒழுங்கா படிக்கலை." சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். "பாருங்க. இது உங்க பாடம். இது அம்மா பாடம். எழுதினது நீங்க ரெண்டு பேரும்தானே?"

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தானும் குனிய வேண்டும், நான் போட்ட மனுவால் வந்த வினை என்று மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று லப்டப் சாருக்கு நன்றாகத் தெரிந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கண் புத்தகத்தின் மேல் போய்விட்டது.

இரத்தமே இல்லாத இதயத்துக்குச் சிவப்பும் நீலமும் எதற்கு என்று வாரியம் அதைக் கறுப்பு வெள்ளையில் போட்டிருந்தது. ஆனால் ஒதுக்கிய கலரைத் திருப்பிக் கொடுக்க விதியில் இடமில்லை. செலவு செய்தாக வேண்டும். அதனால் இருந்த சிவப்பையும் நீலத்தையும் மொத்தமாக, பாடம் எழுதியவரின் படத்துக்கே போட்டுவிட்டார்கள். முழுப் பக்கம். சிவப்பு உடையில், பின்னால் பளிச்சென்று நீலத்தோடு, மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"படம்," என்றார் லப்டப் சார். "படம் நல்லாத்தான் வந்திருக்கு."